பிரீனாவின் மணி நின்ற இடம்

இனிமேல் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று நான் சபதம் செய்தது ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மேஜையில். சபதம் செய்கிறவன் எழுந்து நின்றுதான் செய்யவேண்டும் என்பது என் கொள்கை. எழுந்து நின்றேன். மார்பில் கை வைத்தேன். கழுத்தில் செருகியிருந்த கைத்துண்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன்.

"எர்சிலியா, கேட்டுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமையோட சீசன் முடியுது. அதோட என் வேட்டையும் முடிஞ்சுது."

என் மனைவி அடுப்பில் சோளமாவுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேட்டை முடிஞ்சு வருஷக்கணக்காச்சு நஸரேனோ. நீதான் இன்னும் போயிட்டு வந்துட்டு இருக்க."

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் குவிந்தோ, ஒயின் மூக்கு வழியாக வரும்படி சிரித்தான். அவன் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். தங்கை கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்வான். கல்யாணமாகாதவன் வேறு எங்கே போவான்.

அவள் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சல். நான் ஒரு காட்டு உள்ளானைச் சுட்டு வீழ்த்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் எப்படி இருந்தவன் நான்! என் தொப்பியில் செருகிய இறகுகளைப் பார்த்துவிட்டு, பங்குச் சாமியாரே பூசைக்கு நடுவில் ஒரு தடவை வார்த்தை தடுமாறினார். காட்டு உள்ளான் சாதாரணப் பறவை அல்ல. முதல் பனியோடு வரும். உதிர்ந்த இலைக்குள் உட்கார்ந்தால் அதுவும் ஓர் இலை. காலுக்கடியில் இருந்தாலும் தெரியாது. எழுந்தால் மரங்களுக்கு நடுவே கோணல்மாணலாகப் பறந்து, கண் இமைப்பதற்குள் போய்விடும். எங்கள் மலையில் அதைச் சுடுகிறவனுக்குத்தான் சலூனில் முதல் நாற்காலி.

என் துப்பாக்கி மாமனார் கொடுத்தது. இரட்டைக் குழல். வெளியே இரண்டு விசைக் குதிரைகள் வைத்த பழைய காலத்து ஆள். மாமனார் ஒரே நாளில் மகளையும் கொடுத்தார், துப்பாக்கியையும் கொடுத்தார். இரண்டில் ஒன்றைத்தான் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும் என்று அவர் எச்சரிக்கவில்லை. அதில்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

நாய்கள் வரிசையாக வந்து போயின. லாம்ப்போ, அப்புறம் ஃபோஸ்கா, அப்புறம் பிரீனா. பிரீனா வெள்ளை உடம்பில் சாம்பல் புள்ளி தெளித்த செட்டர் ஜாதி வேட்டை நாய். அவளைப்போல ஒரு மூக்கு இந்த மலையில் பிறந்ததில்லை. புதர்க்காட்டுக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கழுத்தில் மணி கட்டுவோம். மணி கேட்டுக்கொண்டே இருந்தால் நாய் தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மணி சட்டென்று நின்றால், நாய் அசையாமல் நிற்கிறது. அதன் மூக்குக்கு நேரே பறவை இருக்கிறது. நாங்கள் சத்தத்துக்காகக் காது கொடுக்கிறவர்கள் அல்ல. சத்தம் நிற்பதற்காகக் காது கொடுக்கிறவர்கள். ஈர இலை வாசமும், வாயிலிருந்து வரும் ஆவியும், திடீரென்று நின்றுபோகும் அந்த மணியும்தான் எங்களுக்கு வேட்டை.

அந்தச் சில வருடங்களாக நடந்தது இதுதான். மணி நிற்கும். நான் ஓடுவேன். பறவை எழும். சுடுவேன். பறவை தன்பாட்டில் போய்விடும். பிரீனா திரும்பி என்னைப் பார்ப்பாள். நாய் முகத்தில் அலட்சியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அது பழக்கமானதுதான், வீட்டில் தினமும் பார்ப்பது. ஆனால் நாயிடமிருந்து வரும்போது தாங்க முடியவில்லை.

"சபதம் நல்ல சபதம் மாப்ள," என்றான் குவிந்தோ. அவனிடம் புதுத் துப்பாக்கி இருந்தது. ஒரே மூச்சில் ஐந்து தோட்டா சுடும். நாய்தான் உதவாக்கரை. முயல் வந்தால் வழிவிட்டு நிற்கும். "ஆனா பிரீனாவை என்ன பண்ணப்போற? நல்ல நாயை வீட்டுல கட்டிப்போட்டா பாவம் இல்லையா?"

"எங்கிட்டயே இருக்கும்."

"எதுக்கு? கோழிக்குக் காவலுக்கா? எங்கிட்ட குடு. நான் வேலை குடுக்கறேன். அப்படியே உன் இடத்தையும் சொல்லிடு. இனிமே உனக்கு எதுக்கு?"

என் இடம். அதற்கு வருகிறேன். மலைக்கு மேலே, மூன்று ஓக் மரம் நிற்கும் ஒரு சின்ன மேடு. பக்கத்தில் ஊற்று. முதல் பனிக்கு வரும் உள்ளான் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் இறங்கும். எங்கள் ஊரில் ஒருவன் தன் இடத்தை யாருக்கும் சொல்லமாட்டான். என் அப்பா எனக்குச் சொன்னதுகூட அவருடைய மரணப் படுக்கையில்தான், அதுவும் டாக்டரை வெளியே அனுப்பிவிட்டு. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட நான் சொன்னதில்லை. எர்சிலியாவிடம் மூச்சு விட்டதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது எதிர்த்திசையில் போய், ஆலைப்பக்கம் சுற்றி, ஓடையில் இறங்கி ஏறித்தான் போவேன். சீசன் இல்லாத காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. புல் மடங்கினால் தடம் விழும். தடம் விழுந்தால் குவிந்தோ வந்துவிடுவான். இது எங்கள் மலையில் எல்லா வேட்டைக்காரனும் கடைப்பிடிக்கிற சட்டம்.

அன்றைக்கு ஒயின் கொஞ்சம் கூடத்தான். ரோஷமும் கூடத்தான்.

"சரி," என்றேன். "கடைசி ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போறேன். ஒரு பறவைகூட விழலைன்னா பிரீனா உனக்கு. இடத்தை மட்டும் கேக்காத."

மேஜைக்கடியில் பிரீனா என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் வார்த்தையை விட்டபிறகுதான் அந்தச் சூடு என் பாதத்தில் உறைத்தது.

எர்சிலியா களிக் கரண்டியை வைத்துவிட்டு முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ நிசமாத்தான் சொல்றியா? வேட்டைக்கே போகமாட்டியா? அப்போ விடிஞ்சா எங்க இருப்ப?"

"இங்கதான். வீட்டுல. உனக்கு ஒத்தாசையா."

அவள் முகம் வெளுத்ததை நான் பாசம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஒத்தாசையைத் தொடங்கிவிட்டேன். அடுக்களையில் பாத்திரங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தன, உயரப்படி அடுக்கினேன். உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவுக்கு மாற்றினேன், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. கோழிக்கூண்டுக் கதவைச் செப்பனிட்டேன். கோழிகளைப் பிடிக்க மத்தியானம் வரை ஆயிற்று. அவள் துவைக்கும்போது பக்கத்தில் நின்று சோப்பு எவ்வளவு போட்டால் போதும் என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அமாபிலேயோடு வேலி ஓரம் பேசும்போது நானும் போய் நின்றேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

"இன்னும் எத்தனை நாள் ஆயுசு இருக்கும் உனக்கு?" என்று சாயந்திரம் கேட்டாள் எர்சிலியா.

"எங்கப்பா தொண்ணூறு வரைக்கும் இருந்தார். ஏன்?"

"சும்மா கேட்டேன்." ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் தோட்டா கட்ட உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் தோட்டா கடையில் வாங்குவதில்லை. மாமனார் காலத்து வழக்கம். அடுக்களை மேஜையில் கைமெஷினை முடுக்கிவிட்டு, காலி அட்டைக் குப்பிகளை வரிசையாக வைப்போம். நான் வெடிமருந்து போட்டுத் தக்கையை அழுத்தி நகர்த்துவேன். அவள் ஈய ரவையை அளந்து கொட்டுவாள். நான் குப்பியின் வாயை மடித்துச் சுருட்டி மூடுவேன். முன்பெல்லாம் ரவையும் நானேதான் போடுவேன். கண்ணுக்கு வயதானபிறகு, தூரத்துப் பறவை தெரிகிறது, பக்கத்துக் கரண்டி தெரிவதில்லை. கண்ணாடி போட்டுக்கொள் என்றாள். கண்ணாடி போட்ட வேட்டைக்காரனை எந்தப் பறவை மதிக்கும் என்று கேட்டேன். அப்போதிருந்து ரவை அவள் பொறுப்பு.

குளிர்காலச் சாயந்திரங்களில் அதுவே எங்கள் சல்லாபம். அடுப்பு எரியும். பிரீனா வெடிமருந்து வாசத்துக்கு வாலாட்டுவாள். தகர டப்பாவில் கரண்டி சலசலக்கும். எர்சிலியா மெல்லிய குரலில் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே அளப்பாள். கல்யாணமான புதிதில் இருந்த அதே குரல். அவள் பக்கம் பார்த்துக்கொண்டே எத்தனையோ தோட்டா கோணலாகச் சுருட்டியிருக்கிறேன்.

"ஒண்ணு தெரியுமா எர்சி? வயசானா எல்லாருக்கும் துப்பாக்கி தோளை உதைக்கும். எனக்கு அப்படி இல்ல. முன்னெல்லாம் உதைச்சா நீலம் பாஞ்சிடும். இப்போ மெத்தை மாதிரி இருக்கு. எல்லாம் பிடிக்கிற விதம்."

"ஆமா ஆமா."

"தோட்டாப் பைகூட முன்ன மாதிரி கனக்கறதில்ல. உடம்புல இன்னும் தெம்பு இருக்கு பாத்தியா."

"இருக்கு இருக்கு. குப்பியை நகத்து."

அன்றைக்கு அவள் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்துபோய், பரண்மேல் இருந்து வேறொரு டப்பாவை இறக்கினாள். அதிலிருந்து ரவை எடுத்து இரண்டே இரண்டு தோட்டா கட்டச் சொன்னாள். அதைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலை நான் கிளம்பும்போது என் கையில் திணித்தாள்.

"முதல்ல இதைப் போடு. அந்தோனியார்கிட்ட வேண்டிட்டு வெச்சிருக்கேன்."

நான் அவளை முத்தமிட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

எதிர்த்திசையில் போய், ஆலையைச் சுற்றி, ஓடையில் இறங்கி ஏறினேன். பனிமூட்டம் நெஞ்சுவரை நின்றது. பிரீனாவின் மணி மேட்டுச் சரிவில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசித் தடவையோ என்று நினைக்க நினைக்க எனக்கு ஒவ்வொரு மரமும் சொந்தக்காரன் மாதிரித் தோன்றியது. லாம்ப்போ இங்கேதான் முதல் பறவையைக் கவ்விக்கொண்டு வந்தான். ஃபோஸ்கா அந்த ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டு என்மேல் உதறுவாள். அவர்களுக்குப் பிறகு இவளையும் குவிந்தோவின் உதவாக்கரைப் பயலோடு சேர்த்துக் கட்டப்போகிறேனே என்று கண் கலங்கியது. அப்போது மணி நின்றது.

மூன்றாவது ஓக் மரத்தடியில் பிரீனா நின்றாள். ஒரு கால் தூக்கியபடி, வால் நீட்டியபடி. நான் ஓர் அடி வைத்தேன். இலை ஒன்று உயிர் பெற்று எழுந்தது. குதிரையை இழுத்துச் சுட்டேன்.

அம்மாடி. துப்பாக்கி என்னை அடித்த அடியில் பின்னால் சரிந்து ஓக் மரத்தில் முட்டிக்கொண்டேன். தொப்பி ஒருபக்கம், நான் ஒருபக்கம். கண்ணைத் திறந்து பார்த்தால் பிரீனா என் முன்னால் நிற்கிறாள், வாயில் காட்டு உள்ளான். அவள் கண்ணில் இருந்த மரியாதையை எழுத எனக்குத் தெரியாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அந்த ஈர இலையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

குவிந்தோ கையில் புதுக் கழுத்துப் பட்டையோடு வாசலில் காத்திருந்தான். பறவையைப் பார்த்தான். பட்டையைக் கோட்டுப் பைக்குள் செருகினான்.

"செத்துக் கிடந்ததைப் பொறுக்கிட்டு வந்தியா மாப்ள?"

"தொட்டுப் பார். இன்னும் சூடு இருக்கு."

எர்சிலியா பறவையைக் கையில் வாங்கி, அதன் இறகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அவள் சாப்பிடவில்லை, பல்வலி என்றாள். நான் மறுபடி எழுந்து நின்றேன். உயிருள்ளவரை துப்பாக்கியைக் கீழே வைக்கமாட்டேன் என்று புதுச் சபதம் செய்தேன். அவள் கை தட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கை தட்டி நான் பார்த்ததில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு வீரன். ஜூலை மாதம் வந்து தொலைத்தது.

ஜூலையில் எர்சிலியா காலையிலேயே மலைக்குப் போய்விடுவாள், மூலிகை பறிக்க. வருடா வருடம் போவதுதான். அன்றைக்கு எழுந்து பார்த்தால் அவளும் இல்லை, அது வழக்கம். பிரீனாவும் இல்லை. ஆணியில் மணியும் இல்லை. கோழிகளை விசாரித்தபடி வாசலில் நின்றேன். காற்று திரும்பியபோது மலைக்கு மேலேயிருந்து லேசாகக் கேட்டது, மணி. என் இடம் இருக்கிற திசையிலிருந்து.

எனக்கு ரத்தம் கொதித்தது. குவிந்தோ. திருட்டுப் பயல். நாயை அவிழ்த்துக்கொண்டு போய், அதன் மூக்கைக்கொண்டே என் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். ஆலையாவது, ஓடையாவது. நேர்ப்பாதையில் ஓடினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த இடம் எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பக்கம் என்று தெரிந்தது.

சரிவில் ஏறும்போது மணி நின்றது. வெயில் காலத்தில் எந்தப் பறவை? குனிந்து, இலை நொறுங்காமல் அடி வைத்து, முதல் ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

பிரீனா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் தூக்கியபடி, வால் நீட்டியபடி. இவ்வளவு அழகாக அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. அவள் மூக்குக்கு நேரே, முழங்கால் உயரப் பசுமைக்கு நடுவில், மேலங்கியை மடித்துச் செருகிக்கொண்டு என் மனைவி குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் நிமிராமலே. "அந்தச் சாக்கைக் கொஞ்சம் பிடி."

"நீ இங்க என்ன பண்ற?"

"பாத்தா தெரியலையா? பருப்பு பறிக்கறேன்."

பார்த்தேன். எங்கள் மலைப் பருப்பு. மிளகைவிடச் சின்னது, ஈயத்தின் நிறம். புத்தாண்டு இரவில் பன்றிக்கறியோடு ஒரு தட்டுச் சாப்பிட்டால்தான் எங்களுக்கு வருடம் நல்லபடியாகப் பிறக்கும். மேடு முழுக்க அந்தச் செடி. மூன்றாவது ஓக் மரத்தடியில் நான் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து விசிறி மடித்து விரித்ததுபோல் அகன்றுகொண்டே போயிருந்தது. அந்த விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மெத்தை மாதிரி உதைத்த துப்பாக்கி. கனக்காத தோட்டாப் பை. சலசலத்த தகர டப்பா.

"எர்சிலியா. என் தோட்டாவுல என்ன போட்ட?"

"ஈயத்துக்குப் பதிலா இந்தப் பருப்பு. மிச்சதெல்லாம் நீ போட்டதுதான்."

"எத்தனை வருஷமா?"

"நீ கண்ணாடி வேணாம்னதுலேருந்து."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேலங்கி மடிப்பிலிருந்த காய்களை உதிர்த்தாள்.

"ஒரு தடவை நீ கொண்டுவந்தது பையில உசிரோட இருந்துச்சு. மேஜைல வெச்சேன். கண்ணைத் திறந்து என்னையே பாத்துச்சு. அதுக்கப்புறம் என்னால இறகு பிடுங்க முடியல நஸரேனோ. உன்னையும் போகவேணாம்னு சொல்ல மனசு வரல. நீ போயிட்டு வந்தா முகம் அப்படி இருக்கும். இருபது வயசுல என்னைப் பாக்க வர்றப்ப இருந்த மாதிரி."

நான் கோபப்பட வேண்டிய கட்டம் அது. அதற்குள் அவள் இப்படிச் சொல்லிவிட்டாள்.

"அப்போ ஜனவரில விழுந்த பறவை?"

"அது நிச ஈயம். ஒரு பறவை போச்சேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. ஆனா நீ வருஷம் பூரா வீட்டுல இருந்து ஒத்தாசை பண்ணியிருந்தா, இன்னும் ஒரு உசிர் போயிருக்கும்."

"யாருது?"

அவள் ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தாள்.

"சரி, இந்த இடம்? நான் பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னதில்லையே. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒரு நாள் நீ எழறதுக்கு முன்னாடி இவளுக்கு மணியைக் கட்டினேன். போலாமான்னு கேட்டேன். நேரா கூட்டிட்டு வந்தா. அவளுக்கு ஆலையும் தெரியாது, ஓடையும் தெரியாது."

பிரீனா வாலாட்டினாள். துரோகி. அவள் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமும் அவள் என்னை அலட்சியம் செய்யவில்லை. பரிதாபப்பட்டிருக்கிறாள்.

"அப்போ நாம ராத்திரி பன்னெண்டு மணிக்கு, புத்தாண்டுக்கு..."

"வருஷா வருஷம் ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்ட. எங்க வாங்கின, தனி ருசியா இருக்கேன்னு கேட்ட. தெரிஞ்ச இடம்னு சொன்னேன்."

சாக்கை நான் தூக்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது. நேர்ப்பாதையிலேயே இறங்கினோம், பிரீனா முன்னால், மணி ஆடியபடி. பாதி வழியில் எர்சிலியா நின்று மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, ஒரு விவசாயி வயலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நஸரேனோ, வர்ற அக்டோபர்ல கொஞ்சம் இடது பக்கமா சுடு. வலது பக்கம் ரொம்ப நெருக்கமா முளைக்குது."

அந்த அக்டோபரிலிருந்து இடது பக்கமாகத்தான் சுடுகிறேன்.